சரிந்த மிளகுத் தோட்டமும் கைநீட்டி வாங்கிய அட்வான்ஸும்

கேள்வி: செம்மேடு அருகே எனக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. 300 கிலோ தருவதாக நாமக்கல் வியாபாரி ஒருவருக்கு எழுதிக்கொடுத்து 50,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன். அடைமழையில் மண் சரிந்து, கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது. அட்வான்ஸோடு நஷ்டஈடும் கேட்கிறார். மழை செய்ததற்கு நான் பொறுப்பா?
– ஒரு வாசகர், கொல்லிமலை

பதில்: முதலில் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ‘என் தோட்டத்து மிளகு’ என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘300 கிலோ மிளகு’ என்றா? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

தோட்டம் குறிப்பிடப்பட்டிருந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உங்கள் பக்கம். உங்கள் தவறு இல்லாமல், நிறைவேற்றவே முடியாத நிலை பின்னால் வந்தால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். நஷ்டஈடு தர வேண்டியதில்லை. 1876இல் இங்கிலாந்தில் இதே போன்ற வழக்கு ஒன்று வந்தது. தன் நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தருவதாகச் சொன்ன விவசாயி, பயிரில் நோய் விழுந்ததால் சுமார் 80 டன்தான் கொடுத்தார். மீதிக்கு அவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. ஆனால் விளைந்ததை அவர் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் எஞ்சிய கொடிகளின் மிளகை அந்த வியாபாரிக்கே தர முன்வர வேண்டும். கூடுதல் விலைக்கு வேறு ஆளிடம் விற்றிருந்தால் உங்கள் வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

வெறும் ‘300 கிலோ’ என்றால் நிலைமை சிரமம்தான். சோளக்காடு சந்தையிலோ வேறு தோட்டத்திலோ வாங்கியாவது தர வேண்டும். விலை ஏறிவிட்டது என்பது காரணமாகாது. வெளிநாட்டு நிலக்கரி விலை ஏறியதைக் காட்டி விலக்குக் கேட்ட மின் நிறுவனங்களுக்கே 2017இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைபட்டிருந்தால், அது பெரும்பாலும் தாமதத்துக்கு மட்டுமே பதில்.

அட்வான்ஸ் விஷயத்தில் மனம் கேட்காமல்தான் சொல்கிறேன்: அதைத் திருப்பித் தர வேண்டும். 65ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உரத்துக்கும் கூலிக்கும் அது செலவாகியிருக்கும், தெரிகிறது. கொடுத்த மிளகின் விலையைக் கழித்துக்கொண்டு, மீதிக்குத் தவணை கேளுங்கள். நியாயமான வியாபாரி ஒப்புக்கொள்வார்.

தேதியுள்ள புகைப்படங்கள், கிராம நிர்வாக அலுவலர் சான்று இரண்டையும் வைத்துக்கொண்டு, நடந்ததைப் பதிவுத் தபாலில் அவருக்கு இப்போதே எழுதுங்கள். நீங்கள் பழங்குடியினர் என்றாலோ பேரிடரில் பாதிக்கப்பட்டவர் என்றாலோ, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.