தூர் பிடுங்கும் முன் கான் வெட்டுங்கள்

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று ஆசை காட்டித்தான் நம் பாட்டன் பூட்டனைக் கூட்டி வந்தார்கள் என்பது மலையகத்தின் பழைய பேச்சு. அந்தத் தூரைப் பிடுங்கும் வேலை இப்போது நம் கைக்கு வந்திருக்கிறது. கிழட்டுத் தேயிலையும் சவுக்கு மரமும் வெட்டிய மலையில் மறுபடி நடப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

நானுஓயாப் பக்கம் இதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. விடியலில் பனி கொட்டினாலும் பகல் வெயிலில் பிடுங்கிய வேர் காய்ந்துவிடும். மே கடைசியில் தென்மேற்கு மழை இறங்கும்போது மண் வெறுமையாகக் கிடக்கக் கூடாது.

முதல் நாள் கத்தியை எடுக்காமல் மலையைச் சுற்றி நடந்து பாருங்கள். குளவிக்கூடு இருக்கிறதா என்று மரக்கிளைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும்; குளவி கொட்டி உயிர்விட்ட தொழிலாளர்களை மலையகம் நிறையவே பார்த்துவிட்டது. அடர்ந்த புதரில் சிறுத்தை படுத்திருக்கலாம். சத்தம் போட்டபடி ஒரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போங்கள், அது ஓட மறுபக்கம் திறந்திருக்கட்டும். வெட்டிய கொப்பைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் மண்ணைத் தாங்கும். தீ மட்டும் வைக்காதீர்கள். நல்ல மேல்மண் கருகிவிடும், சாம்பலும் முதல் மழையோடு நானுஓயா ஆற்றுக்குப் போய்விடும்.

அடுத்தது கான். தூரில் கை வைக்கும் முன்பே கான் வெட்டி முடிந்திருக்க வேண்டும். 120 அடிக்கு ஓர் அடி இறக்கம் போதும். உள்ளே இடையிடையே மண் தடுப்பு விட்டால் தண்ணீர் நின்று, வண்டலைப் போட்டுவிட்டுப் போகும்.

இனித் தூர். மேட்டுப் பக்கம் மண்ணைத் தோண்டி, பக்க வேர்களைக் கோடாலியால் விடுவித்து, அலவாங்கு கொடுத்து நெம்புங்கள். பென்சில் கனத்து வேர்கூட மண்ணில் தங்கக் கூடாது. தங்கினால் அதில் பூஞ்சணம் குடியிருந்து புதுக்கன்றின் வேருக்குத் தாவும். சவுக்குக் கட்டையின் பட்டையைக் கத்தி முனையால் தூக்கிப் பாருங்கள். அடியில் விசிறி விரித்தாற்போல் வெள்ளைப் படலமும் மேலே கரி அப்பியது போன்ற பொருக்கும் இருந்தால் அது கரி வேர் நோய். அந்த வேர் முழுவதையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். நெருப்புக்கு இங்கே மட்டும்தான் வேலை. இன்னும் வெட்டாத சவுக்கு நின்றால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்து, நின்றபடியே சாகவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வேரில் மாச்சத்து தீர்ந்துபோனால் பூஞ்சணத்துக்குத் தீனி இருக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் பொறுக்க வேண்டிவரும், ஆனாலும் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

குழியை அன்றன்றே மூடி மிதித்துவிடுங்கள். பெக்கோவைச் சரிவில் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். ஒரே நாளில் மலை முழுக்கக் கிளறிப் போட்டுவிடும்.

கீழே லயம் இருக்கும் செங்குத்துச் சரிவில் பெரிய கட்டைகளைப் பிடுங்கவே வேண்டாம். நிலமட்டத்துக்கு அறுத்துவிட்டு, தளிர்க்கத் தளிர்க்க வெட்டினால் போதும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேலையை நிறுத்தி, கீழே குடியிருப்பவர்களை விலகச் சொல்லிவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

தூர் போனதும் தேயிலையை நட்டுவிடக் கூடாது. குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வைத்து, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, 18 மாதமாவது மண்ணை ஆறவிட வேண்டும் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முறை. பிறகு மண்ணைச் சோதியுங்கள். தேயிலைக்கு அமிலத்தன்மை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. லீக்ஸோ கரட்டோ போடப் போகிறீர்கள் என்றால் டொலமைட் இட்டுப் புளிப்பைக் குறைத்த பிறகுதான் விதைக்கலாம்.