கேட்டுப் பார்த்து வாங்குவோம்

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி, மறைந்த தன் பாட்டி பாடிய தாலாட்டைக் கணினியில் கேட்டுக்கொண்டிருந்தாள். பல ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவில் பதிவான பாட்டு அது. அவளுடைய அப்பா அதைக் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தார். ஹெட்ஃபோனில் பாட்டியின் குரலோடு ‘உஸ்’ என்ற இரைச்சலும் ‘கிர்கிர்’ என்ற ஓசையும் சேர்ந்து கேட்டன.

“டி.ஏ.சி. வாங்கினால் எல்லாம் தெளிவாகிவிடும்,” என்றாள் அவள் தோழி. தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம் நூறு வெள்ளி அவளிடம் இருந்தது. கணினி பழுதுபார்க்கும் தன் மாமாவிடம் சென்றாள்.

“மாமா, நூறு வெள்ளிக்கு நல்ல டி.ஏ.சி. எது?”

“வாங்குவது இருக்கட்டும்மா. அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்,” என்றார் மாமா.

கணினி ஒலியை எண்களாகவே சேமிக்கிறது. இசைக் குறுந்தட்டில் ஒவ்வொரு விநாடியும் 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. ஆனால், ஹெட்ஃபோனுக்கு எண்கள் புரியா. அதன் மெல்லிய சவ்வை அசைக்க, ஏறி இறங்கும் மின்னலை வேண்டும். எண்களை அந்த மின்னலையாக மாற்றும் கருவியே டி.ஏ.சி. எனப்படும் மின்னிலக்க ஒலி மாற்றி.

ஒலி தரும் ஒவ்வொரு கணினியிலும் கைப்பேசியிலும் இக்கருவி ஏற்கெனவே உண்டு. புளூடூத் ஹெட்ஃபோனுக்குள்ளும் உண்டு. சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையிலும் இது இருந்தது. பதிவு செய்த ஒலியை அந்த அட்டை 256 படிகளில்தான் தந்தது. இன்றோ இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் சிறு மாற்றிகூட 65,536 படிகளைக் கையாளும்.

“அப்படியென்றால் என் கணினியில் ஏன் இரைச்சல் கேட்கிறது, மாமா?”

“அதை நீயே கண்டுபிடி. பாட்டை நிறுத்திவிட்டுச் சுட்டியை அசைத்துப் பார். பிறகு அதே பாட்டை, அதே ஹெட்ஃபோனில், கைப்பேசியில் கேள்.”

அவள் அவ்வாறே செய்தாள். பாட்டு நின்ற பிறகும், சுட்டியை அசைத்தபோதெல்லாம் ‘கிர்கிர்’ ஓசை கேட்டது. கைப்பேசியில் அது இல்லை. ‘உஸ்’ இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

“முதல் ஓசை, கணினிக்குள் ஓடும் மின்சாரம் ஒலிப் பாதையில் கசிவதால் வருவது. வெளியே செருகும் மாற்றி அதைப் பெரும்பாலும் போக்கிவிடும். இரண்டாவது, ஒலிநாடாவிலேயே பதிந்தது. எந்த டி.ஏ.சி.யாலும் அதை நீக்க முடியாது,” என்று மாமா விளக்கினார்.

பிறகு, வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொன்னார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களைக் கண்டு மயங்கக் கூடாது. மனிதக் காது விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு 44,100 அளவுகளே போதும். ஹெட்ஃபோனின் மின்தடையைப் பார்க்க வேண்டும். 16 முதல் 32 ஓம் வரை என்றால் சிறிய மாற்றி போதும். 250 ஓம் போன்றவற்றுக்கு வலுவான பெருக்கி தேவைப்படலாம். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

மாமா தம்மிடமிருந்த சிறிய மாற்றியைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். ‘கிர்கிர்’ ஓசை மறைந்தது. மறுநாள் அவள் அதே போன்ற ஒன்றைப் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினாள். மீதிப் பணம் உண்டியலுக்குத் திரும்பியது.

அன்றிரவு தாலாட்டை மீண்டும் கேட்டாள். ‘உஸ்’ இரைச்சல் இருந்தது. அதனூடே, பாட்டி மூச்சை இழுத்து அடுத்த வரியைத் தொடங்குவது முதன்முறையாகக் கேட்டது.

சிந்தித்து விடையளி

1. இரண்டு ஓசைகளின் காரணங்களையும் மாணவி எவ்வாறு பிரித்தறிந்தாள்?
2. நூறு வெள்ளிக் கருவியை உடனே வாங்கியிருந்தால் அவள் ஏன் ஏமாற்றமடைந்திருப்பாள்?
3. நீ ஒரு பொருளை வாங்குமுன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றை விளக்குக.