அகதிச் சிறாரைக் காக்கும் பணி: நல்ல மனம் மட்டும் போதுமா?

முன்னுரை

தோட்டப்புறத்திலிருந்து வந்த மாணவர்களுக்கு ஆயாக்கொட்டகையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். கெமாஸ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, தம் பிள்ளைகளை வளர்த்த ஆயம்மாவைப் பற்றி அடிக்கடி சொல்வார். அந்த ஆயம்மா எந்தப் பயிற்சிக்கும் போனவரல்லர். ஆயினும், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை நேற்றிரவு சாப்பிடாமல் தூங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியுமாம். அவரும் அதே லயத்தில் குடியிருந்ததும், பிள்ளைகள் பேசிய பேச்சையே அவரும் பேசியதும்தான் அதற்குக் காரணம்.

அகதிச் சிறாரிடையே பணிபுரியப் போகும் சமூகப் பணியாளருக்கு இந்த வசதி இல்லை. அவர் அந்தப் பிள்ளைக்கு அந்நியர். பிள்ளை கடந்து வந்த பாதை அவருக்குத் தெரியாது. சில வேளைகளில் மொழியும் தெரியாது. இந்த இடைவெளியை அன்பு மட்டுமே நிரப்பிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது தவறு என்பதையும், பயிற்சி ஏன் தேவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் அகதிச் சிறாரின் நிலை

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்திலோ அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலோ கையெழுத்திட்ட நாடன்று. எனினும், அகதிகள் நமக்குப் புதியவர்களல்லர். 1975 முதல் வியட்நாமியர் படகுகளில் நம் கரைக்கு வந்தனர். 1978இல் திறக்கப்பட்ட பூலாவ் பீடோங் முகாம் 1991இல் மூடப்படும் வரை ஏறக்குறைய 250,000 பேர் அதன் வழியாகச் சென்றனர். அவர்களுள் பெற்றோர் துணையின்றி வந்த பிள்ளைகளும் இருந்தனர்.

2023ஆம் ஆண்டு இறுதியில் ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தின் மலேசிய அலுவலகத்தில் ஏறக்குறைய 185,000 பேர் பதிவாகியிருந்தனர். மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்யா, சின் மக்களே இவர்களுள் பெரும்பாலோர். இலங்கைத் தமிழர்களும் இருக்கின்றனர். பதிவானவர்களுள் 50,000க்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள். இவர்களுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. அகதிச் சமூகங்களும் அரசு சாரா இயக்கங்களும் கடைவீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நடத்தும் கற்றல் மையங்களே இவர்களின் பள்ளிக்கூடங்கள். அங்குச் செல்லும் தன்னார்வலர்களுள் பல்கலைக்கழக மாணவர்களும் அடங்குவர்.

நான் செய்த பிழை

முதலாம் ஆண்டில் அத்தகைய ஒரு மையத்திற்கு மொழிபெயர்க்கச் சென்றேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தானே, தமிழ்ப் பிள்ளைக்குத் துணையாக இருக்க இது போதும் என்பது என் எண்ணம். ஈழத்துச் சிறுவன் ஒருவனுக்கு ஏழு வயதிருக்கும். மற்றொரு தன்னார்வலர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழாக்கினேன். “அப்பா எங்கே?” என்ற கேள்விக்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குக் கதைக்க விருப்பமில்லை அக்கா” என்றான். கதை சொல்ல விருப்பமில்லை என்று பொருள் கொண்டு, அவனுக்குக் கதைகள் பிடிக்காதாம் என மொழிபெயர்த்துவிட்டேன். அந்தத் தன்னார்வலர் சிரித்தபடி, படம் வரையச் சொல்லிக்கொண்டே அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் தமிழாக்கினேன். அதன் பிறகு அன்று முழுவதும் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஈழத்துப் பேச்சில் கதைத்தல் என்றால் பேசுதல். ‘எனக்குப் பேச விருப்பமில்லை’ என்று ஓர் ஏழு வயதுப் பிள்ளை மரியாதையாகச் சொன்னதை நான் அவனிடமிருந்து பறித்துவிட்டேன். விடைபெறும்போது, “அடுத்த வாரம் அக்கா வருவேன்” என்று வேறு சொன்னேன். தேர்வு வந்தது, நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்துச் சென்றபோது அவன் குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது.

இவ்விரண்டு பிழைகளுக்கும் கெட்ட எண்ணம் காரணமன்று. பயிற்சியின்மையே காரணம்.

பயிற்சியின் முதற்பாடம்: எதைக் கேட்கக்கூடாது

உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் மற்ற அமைப்புகளுடன் இணைந்து உளவியல் முதலுதவிக் கையேடு ஒன்றை வெளியிட்டது. மருத்துவர் அல்லாதாரும் பயன்படுத்தக்கூடிய அக்கையேட்டின் சாரத்தைப் பார், கேள், இணை என மூன்று சொற்களில் அடக்கலாம். முதலில் பாதுகாப்பையும் உடனடித் தேவைகளையும் பார்க்க வேண்டும். அடுத்து, அவர் சொல்ல விரும்புவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பின்னர், உதவக்கூடியவர்களுடன் அவரை இணைக்க வேண்டும். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்துவது இம்மூன்றிலும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. துயரத்தை வெளியே கொட்டினால் மனப்பாரம் குறையும் என்று நாம் நினைக்கலாம். ஆனால், பிள்ளை தானாக விரும்பாதபோது கேள்வி கேட்டுக் கிளறுவது நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யக்கூடும்.

இதையொட்டி ஒரு பணியாளர் பழக வேண்டியவை சில உண்டு. பிள்ளை தன் துன்பத்தை ஒருமுறை சொன்னால், அதையே ஆசிரியரிடமும் தாதியிடமும் அதிகாரியிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக்கூடாது. மற்ற பிள்ளைகள் முன்னிலையில் குடும்பத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது. படம் பிடித்து வெளியிடக்கூடாது. அகதிக் குடும்பத்திற்கு முகம் வெளிப்படுவதே ஆபத்தாகலாம். நிறைவேற்ற முடியாததை வாக்களிக்கக்கூடாது. ‘இதை யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்பதும் அத்தகைய வாக்குறுதியே. பிள்ளையை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் அதை உரியவரிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே, ‘உன்னைப் பாதுகாக்கத் தேவைப்பட்டால் மட்டும் உரியவரிடம் சொல்வேன்’ என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துவதே நேர்மை.

இரண்டாம் பாடம்: சட்டம்

பணியாளர் இரண்டு சட்டங்களை ஒருசேர அறிந்திருக்க வேண்டும். ஒன்று, 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் அச்சட்டப்படி சிறாரே. குடியுரிமை அங்கு நிபந்தனையன்று. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை யார் என்பதை அதன் 17ஆம் பிரிவு வரையறுக்கிறது. பாதுகாப்பாளராக நியமிக்கப்பட்ட சமூக நல அதிகாரியோ போலீஸ் அதிகாரியோ அப்பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். அவ்வாறு எடுத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த வேண்டும்.

மற்றொன்று 1959/63 குடிநுழைவுச் சட்டம். அச்சட்டம் அகதியையும் ஆவணமின்றி நுழைந்த பிறரையும் வேறுபடுத்துவதில்லை. அதனால், வீட்டில் பிள்ளை அடிபட்டாலும் தாய் போலீஸ் நிலையத்திற்குப் போக அஞ்சுகிறாள். புகார் கொடுக்கப் போய்த் தானே பிடிபட்டால் மற்ற பிள்ளைகளின் கதி என்ன என்பது அவளது கேள்வி. இந்த அச்சத்தை அறியாத பணியாளர் அவளை அக்கறையற்ற தாய் என்று குறிப்பெழுதிவிடுவார். அறிந்தவரோ ஐ.நா. அகதிகள் ஆணையத்துடனும் அகதிச் சமூகத் தலைவர்களுடனும் கலந்துகொண்டு, அக்குடும்பம் அச்சமின்றி உதவி பெறும் வழியைத் தேடுவார். தொலைபேசி எண் 15999இல் இயங்கும் தாலியான் காசே உதவிச் சேவையையும் அவர் அறிந்திருப்பார்.

நம் நாடு 1995இல் ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன் 3ஆம் விதி, பிள்ளையைப் பற்றிய முடிவுகளில் அப்பிள்ளையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. 2023இல் நம் நெகிரி செம்பிலானின் நீலாயில் பைத்துல் மஹாப்பா என்னும் மையம் திறக்கப்பட்டது. குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் இருந்த பிள்ளைகளை இடம் மாற்றவே அது தொடங்கப்பட்டது. தடுப்பு முகாமைவிட இது மேல் என்பார் உண்டு. சுவர் மாறினாலும் தடுப்பு தடுப்பே என்பாரும் உண்டு. எவ்வாறாயினும், அத்தகைய இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

மூன்றாம் பாடம்: மொழி

மொழிபெயர்ப்பு என்பது மொழி தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய வேலையன்று. குடும்பத்தின் மூத்த பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அமர்த்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தாய்க்கு நேர்ந்த கொடுமையை மகளின் வாயால் சொல்ல வைப்பது அது. இதனை அறவே தவிர்க்க வேண்டும்.

நாம் தமிழர் என்பதாலேயே ஈழத்துப் பிள்ளையின் பேச்சு முழுதும் நமக்கு விளங்கிவிடும் என்பதும் தவறு. ‘ஆறுதலாகச் சொல்லுங்கோ’ என்றால் மெதுவாகச் சொல்லுங்கள் என்று பொருள். தேற்றிப் பேசச் சொல்வதன்று. ‘கெதியாக’ என்றால் விரைவாக. ஐயம் எழுந்தால், ‘நீங்கள் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை’ என்று கேட்கப் பழக வேண்டும். என்னிடம் அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் மேற்சொன்ன பிழை நேர்ந்திராது.

ஈழ அகதிகள் காட்டிய வழி

பயிற்சி என்றதும் வெளியிலிருந்து வந்த நிபுணர் அகதிகளுக்காகச் செய்வது என்றே எண்ணுகிறோம். தமிழ்நாட்டில் வேறு வழி காட்டியவர்கள் ஈழ அகதிகள். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் பல கட்டங்களாக 300,000க்கும் மேற்பட்டோர் தமிழகம் சென்றனர். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். இவர் தந்தை செல்வாவின் மகன். தந்தை செல்வா 1898இல் பிறந்தது நம் ஈப்போவில் என்பது மலேசியத் தமிழர் நினைவில் கொள்ளத்தக்கது.

முகாமில் வாழ்ந்த இளைஞர்களையும் பெண்களையுமே இக்கழகம் ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆலோசகர்களாகவும் பயிற்றுவித்தது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தரவும் உழைத்தது. 2004 சுனாமிக்குப் பின் இந்த அகதித் தன்னார்வலர்கள் பாதிக்கப்பட்ட தமிழக மக்களுக்கு உதவச் சென்றனர். உதவி பெற்றவர்களே உதவுபவர்கள் ஆயினர். என் பாட்டி சொன்ன ஆயம்மாவின் பலமும் இதுவே. அதே லயத்தவருக்குப் பயிற்சியும் சேர்ந்தால் அதைவிடச் சிறந்த பணியாளர் வேறு யார்? நம் நாட்டிலும் கற்றல் மையங்களில் பாடம் நடத்துவோருள் அகதிகள் பலர் உண்டு. பயிற்சி முதலில் சேர வேண்டியது அவர்களுக்கே.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் சமூகப்பணிக் கல்வி புதிதன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975இலேயே அதற்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. சமூகப் பணியாளருக்கான தேசியத் தகுதித் தரத்திற்கும் தனிச்சட்டம் வரைவதற்கும் 2010இல் அமைச்சரவை இசைவு தந்தது. இத்துறையை மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவர்கள் பெருக வேண்டும்.

வேறு துறைகளில் பயில்வோரும் பங்காற்றலாம். மொழிக்கழகங்கள் ஒருநாள் சமூக சேவை என்று பேருந்தில் போய், பரிசுப்பொட்டலம் கொடுத்து, குழுப்படம் எடுத்துத் திரும்பும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யலாம். பத்துப் பேர் ஒருமுறை போவதைவிட, பயிற்சி பெற்ற இருவர் ஓராண்டு முழுதும் வாரந்தோறும் போவது மேல். போகும் முன் நடத்தை விதிகளில் கையெழுத்திட வேண்டும். பிள்ளையுடன் தனியறையில் இருக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நிறுத்துவதானால் முன்னறிவித்து விடைபெற வேண்டும். கேட்ட துயரம் தம்மையே அழுத்தும்போது, மூத்த பணியாளரிடம் மனம்விட்டுப் பேசவும் தயங்கக்கூடாது.

முடிவுரை

கெமாஸ், கிழக்குக் கரை இரயில் பாதையும் மேற்குக் கரைப் பாதையும் சந்திக்கும் ஊர். இன்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பழைய லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும்போது, கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரின் பிள்ளைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் யாரோ ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பி இருந்தனர் என்று தோன்றுகிறது.

நல்லெண்ணம் நம்மை அப்பிள்ளையின் வாசல் வரை கொண்டு சேர்க்கும். உள்ளே சென்றபின் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதைப் பயிற்சிதான் கற்றுத்தரும். ‘எனக்குக் கதைக்க விருப்பமில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘சரி, நாம் சும்மா இருப்போம்’ என்று அருகில் அமரத் தெரிந்தவரே தகுதியுள்ள சமூகப் பணியாளர். நான் இப்பொழுது மீண்டும் ஒரு மையத்திற்குச் செல்கிறேன்; இம்முறை பயிற்சி பெற்ற பிறகு.