மலையேற்ற அனுமதியும் ஊராட்சியின் கடமையும்

மலையேற்றத்தில் மக்களுக்குள்ள ஆர்வம் பெருகப் பெருக, அடிவாரத்து ஊராட்சிகளின் பொறுப்பும் பெருகுகிறது. அனுமதிச் சீட்டு என்பது வருவோரைத் தடுக்கும் வேலி என்று சிலர் கருதுகின்றனர். அது எதற்காக ஏற்பட்டது என்பதை ஆராய்வோம்.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாசி, பங்குனியில் புல் காய்ந்து சருகாகியிருக்கும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். அதன் வெப்பம் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதே காரணம். ஆகவே, தீக்கு மேற்புறமாக ஓடுவது பேராபத்து.

அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவு ஏற்பட்டது. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர். தீப்பருவத்தை முன்னிட்டு 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அப்பாதைகள் மூடப்பட்டன. எத்தனை பேர், எந்தப் பாதையில் சென்றனர் என்பது பதிவில் இருந்தால்தான், விபத்து நேரும்போது தேடுவோர்க்கு வழி தெரியும்.

‘மலையில் புல் எரிந்தால் நம் வயலுக்கு என்ன?’ என்று உழவர் கேட்கலாம். புல் போர்வை இழந்த மண்ணை முதல் மழையே அரித்துச் செல்லும். ஏரியில் வண்டல் சேரும். நிலத்துள் இறங்கவேண்டிய நீர் வீணே ஓடும். குரங்கணிப் பக்கத்து மலைநீரே கொட்டகுடி ஆறாகி வைகையில் கலக்கிறது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துள் அனுமதியின்றிப் புகுதலும் தீ மூட்டுதலும் குப்பை போடுதலும் குற்றம். அங்கு வாழ்வோர் தாம் அறிந்த தீயை அணைக்கவும், பரவாது தடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை:

1. ஜனவரி 26 கிராம சபையிலேயே தீப்பருவத்தைப் பற்றி விளக்குதல்.
2. சீட்டின்றிக் குறுக்கு வழியில் எவரையும் அழைத்துச் செல்லாதிருத்தல். அவ்வாறு செல்வோரைக் கண்டால் வனத்துறைக்கு அறிவித்தல்.
3. மேய்ச்சலுக்கென்று புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கத்தை அறவே கைவிடுதல்.

விருந்தினர் வந்தால் ஊருக்கு வருவாய் உண்டு. அவர்கள் நலமாகத் திரும்பினால்தான் அவ்வருவாய் நிலைக்கும். மலையைக் காப்பது நம் கிணற்றைக் காப்பதே என்பதை உணர்ந்து செயலாற்றுவோமாக.