தோட்டப்பயிர்க் கல்வியும் நாற்றுமேடையும்

தலைமுறை தலைமுறையாகக் கமஞ்செய்துவரும் குடும்பத்துப் பிள்ளை தோட்டப்பயிர்ச் செய்கையைக் கல்லூரிக்குச் சென்று கற்கவேண்டுமோ என வினவும் கமக்காரர் பலர். வினா நியாயமானதே. விதையிடவும் நீர் இறைக்கவும் பிள்ளை வீட்டிலேயே பழகிவிடுகின்றது. எனினும், ஒரு முறை ஒரு போகத்திற் பலித்து மறுபோகத்திற் பிழைப்பது ஏன் என்பதற்கு வீட்டில் விடை கிடைப்பது அரிது. வவுனியா, குண்டசாலை ஆகிய இடங்களிலுள்ள விவசாயக் கல்லூரிகளில் மாணவர் கற்பது பெரும்பாலும் இந்த 'ஏன்' என்பதையே. மிளகாய் நாற்றுமேடை இதற்குத் தக்க உதாரணமாகும்.

முளைத்த நாற்றுகள் ஒரு விரலளவு உயருமுன்னரே அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து, மண்ணோடு சாய்ந்து மடிதலைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். இது மண்ணிலுள்ள பித்தியம், றைசொக்ரோனியா முதலிய பங்கசுகளால் விளைவது. நாற்றுகள் நெருங்கி நிற்பதும் மண் ஓயாது ஈரமாயிருப்பதும் நோயைப் பெருக்கும். நட்டம் விதையோடு நின்றுவிடுவதன்று. மீண்டும் விதைத்து நாற்று வளருமுன் நடுகைக்காலமும் கடந்துவிடும்.

மேடைமேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தல் கமக்காரர் பலரும் அறிந்த முறையே. அவ்வாறு எரித்தும் நாற்று மடிந்ததெனக் கூறுவோர் உளர். அவர்கள் கூறுவது பொய்யன்று. உலர்ந்த மண்ணில் வெப்பம் எளிதிற் கீழிறங்காது. ஆகவே எரிக்குமுன் மேடையை நனைத்தல் வேண்டும். காற்று வீசும் திசையில் தீ ஓடினால் வைக்கோல் நொடியிற் சாம்பலாகும், மண்ணோ சூடேறாது. ஆதலால், காற்றுக்கு எதிராகத் தீ மெல்ல நகரும்படி மூட்டுதல் வேண்டும். உமி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்குமாதலாலேயே வைக்கோலுடன் அதுவும் அடுக்கடுக்காக இடப்படுகின்றது. சாம்பல் மிகுந்தால் மண்ணின் காரத்தன்மை கூடும். மிகுதியை வாரி அகற்றுக. மேடை ஆறியபின் ஆழக் கொத்துதல் கூடாது. கொத்தினால், சூடுபடாத அடிமண் பங்கசையும் சுமந்துகொண்டு மேலே வரும். பலர் கவனியாது விடும் பிழை இதுவே.

உமி கிடையாதவிடத்து வெயிலே உதவும். நனைத்த மேடையைத் தெளிந்த பொலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, சில கிழமைகள் விட்டுவைத்தல் வேண்டும். கறுப்பு விரிப்பு வெயிலைத் தானே ஏற்றுக்கொள்ளும். தெளிந்த விரிப்போ அதனை மண்வரை செல்லவிடும். மாரிமுகில் சூழ்ந்தபின் இம்முறை பயன்தராது. பெரும்போக நாற்றுக்காயின் ஆவணி வெயிலிலேயே தொடங்குதல் நன்று.

கல்லூரியிற் சேர்வதற்கான தகைமையையும் விண்ணப்பிக்கும் காலத்தையும் அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். ஏற்கனவே கற்கும் பிள்ளை விடுமுறையில் வீடு திரும்பும்போது ஒரு மேடையை அப்பிள்ளையின் பொறுப்பில் விடுக. தந்தையார் தம் வழக்கப்படி அருகே வேறொரு மேடை இடலாம். இரண்டிலும் ஒரே விதையை ஒரே நாளில், ஒரே அளவாக விதைத்து, மூன்று கிழமை கழித்து நிற்கும் நாற்றுகளை இருவரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்பாராக.