பழந்தோழர் பரிந்துரை: குறள் வழி ஓர் ஆய்வு

ஓர் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்றுநர் இல்லாத நிலை ஏற்படுகின்றது. அவ்வணியில் முன்னர் ஆடியவர்கள் ஒன்றுகூடி, தம்மோடு ஆடிய ஒருவரின் பெயரைச் சொல்லி, இவரையே அமர்த்துக என நிர்வாகத்தாரை நெருக்குகின்றனர். உலகப் புகழ் வாய்ந்த கழகங்களில் நிகழும் இது, எம் கரையோரத்துப் பாடசாலைகளிலும் நிகழ்வதே. அவ்வாறு நெருக்குதல் முறையாகுமா, ஆகுமெனின் எவ்வளவில் ஆகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். விழா மலரில் பழைய மாணவரைப் பாராட்டி எழுதுதல் மரபு. பாராட்டு இம்மலரின் பிற பக்கங்களில் நிறையவே இருக்கும்; ஆதலின் அவர் கையிலுள்ள ஒரு வலிமையைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பரிமேலழகர் கொண்ட முறைவைப்பில், திருக்குறட் பொருட்பாலின் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 51ஆவது தெரிந்துதெளிதல், 52ஆவது தெரிந்துவினையாடல், 53ஆவது சுற்றந்தழால். முதலது ஒருவரை ஆராய்ந்து நம்புவது பற்றியது. அடுத்தது நம்பப்பட்டவரை அவர்க்கேற்ற வினையில் அமர்த்துவது பற்றியது. மூன்றாவது உறவினரைத் தழுவிக்கொள்வது பற்றியது. தழுவுதல் கடைசியில் வந்திருப்பதை உற்று நோக்குக. இவ்வதிகாரங்களைக் கற்பிக்குங்கால் மாணவர் கண்கள் சாளரத்தின் வழியே மைதானத்துக்குச் செல்வதைப் பலகாலும் கண்டிருக்கின்றோம். அரசன், வினைசெய்வான் என்ற சொற்கள் அவர்க்குத் தொலைவானவை. அரசன் இருந்த இடத்தில் விளையாட்டுக் கழகத்தின் செயலாளரை இருத்தி, வினைசெய்வான் இருந்த இடத்தில் பயிற்றுநரை நிறுத்திப் படிப்பித்தால் அக்கண்கள் திரும்பி வருகின்றன.

எம் மாணவர் நன்கறிந்த கழகம் ஒன்றிலிருந்தே தொடங்குவோம். இங்கிலாந்தின் மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகம் 2018 டிசம்பரில் தன் பயிற்றுநர் ஜோஸே மொரீனியோவை நீக்கியது. மறுநாள், 19ஆந் தேதி, ஓலே குன்னார் சோல்ஷார் தற்காலிகப் பயிற்றுநராக அறிவிக்கப்பட்டார். நோர்வே நாட்டவராகிய இவர் 1996 முதல் 2007 வரை அக்கழகத்துக்கு ஆடியவர். 1999 மே 26ஆந் தேதி பார்சிலோனா நகரில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில், ஆட்டநேரம் முடிந்து மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. அந்த ஒரு கோலுக்காகவே அந்நகரத்தார் அவரை மறவார்.

தற்காலிகப் பயிற்றுநராக இருந்த 19 ஆட்டங்களில் 14இல் அவரது அணி வென்றது. அவற்றுள் சிறந்தது 2019 மார்ச் 6ஆந் தேதி பரிஸ் நகரில் பெற்றது. சொந்த மைதானத்தில் இரண்டு கோல்களால் தோற்றிருந்த அணி, அந்நியர் மைதானத்தில் மூன்றுக்கு ஒன்றாக வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. அன்றிரவு அவருடைய பழந்தோழர் இருவர் பேசியவை இன்றும் நினைவுகூரப்படுகின்றன. தொலைக்காட்சியில் விமர்சகராக அமர்ந்திருந்த றியோ பேர்டினன்ட், ஒப்பந்தத்தை மேசையில் வைத்து வேண்டிய தொகையை அவரே எழுதிக்கொள்ள விடுங்கள் என்ற கருத்துப்படக் கழகத்தாரை வற்புறுத்தினார். கரி நெவில், சிலையை எங்கே நிறுவலாம் என அவரிடமே கேட்டு மகிழ்ந்தார். மார்ச் 28ஆந் தேதி கழகம் மூன்றாண்டு ஒப்பந்தத்தை வழங்கியது. அதன்பின் அப்பருவத்தில் எஞ்சிய பத்து ஆட்டங்களில் வென்றவை இரண்டே. கடைசி நாளில், முன்னரே தரமிறக்கப்பட்டுவிட்ட கார்டிவ் சிற்றி அணியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்று, அணி ஆறாம் இடத்தில் நின்றது.

கார்டிவ் என்ற பெயர் இங்கே வந்தது விதியின் விளையாட்டுப் போலும். 2014 ஜனவரியில் அதே கார்டிவ் அணியைப் பொறுப்பேற்று, அப்பருவ முடிவில் அது தரமிறங்கக் கண்டவர் சோல்ஷாரே. மறுபுறத்தில், நோர்வேயின் மோல்டே கழகத்தை 2011இலும் 2012இலும் நாட்டின் முதலிடத்துக்குக் கொணர்ந்தவரும் அவரே. ஒருவரின் நிறையையும் குறையையும் தனித்தனி எண்ணி, எது மிகுந்தது என்று கண்டு கொள்க என்பது 504ஆம் குறளின் கருத்து. எண்ணுதற்கு வேண்டிய இரு தட்டுகளும் ஏட்டிலேயே இருந்தன. பரிஸ் நகரத்து இரவில் ஒரு தட்டே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

இதனால் பழந்தோழர் செய்தது பிழை என்று தீர்த்துவிடலாகாது. வள்ளுவர் 506ஆம் குறளில் வியப்பான ஒன்றைக் கூறுகின்றார்: சுற்றமற்றவரை நம்பற்க, பற்றில்லாதவர் பழிக்கு நாணார். உறவை முன்னிட்டு ஆள் தேடற்க என்று சொல்லவேண்டிய இடத்தில், உறவில்லாதவரை ஐயுறுக என்கின்றாரே எனச் சிலர் மயங்குவர். மயக்கத்துக்கு இடமில்லை. கழகத்தோடு பற்றுள்ளவர் தோற்றால் வெட்கப்படுவார். ஊதியத்துக்கு மட்டும் வந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். ஒருவர் வெட்கப்படுவாரா என்பதை அவரோடு பத்தாண்டு உடைமாற்றும் அறையில் இருந்தவர்களைவிட அறிந்தவர் யார்? ஆகவே பழந்தோழரின் சொல்லுக்குச் சான்று என்ற அளவில் உயர்ந்த மதிப்புண்டு. அவர் வாயில் அது சான்றாக மட்டும் நில்லாது தீர்ப்பாகவும் மாறும்போதுதான் இடர் பிறக்கின்றது.

ஏனெனில் 514ஆம் குறள் மற்றொன்றைச் சொல்கின்றது. எத்தனை வகையால் ஆராய்ந்து தெளிந்தபோதும், வினையிற் புகுந்தபின் வேறாகிவிடும் மாந்தர் பலர். பந்தைக் காலால் ஆள்வது ஒரு வினை. பந்தை ஆளும் பதினொருவரைச் சொல்லால் ஆள்வது வேறொரு வினை. கோலின் முன்னே அரைநொடியில் முடிவு செய்தவர், ஆறு மாதம் முன்னதாக முடிவு செய்ய வேண்டிய இருக்கையில் அமர்கின்றார். பழந்தோழர் கண்டது முதல் வினையை. பரிந்துரைப்பது இரண்டாம் வினைக்கு. அடுத்த குறள் இன்னும் வெளிப்படையானது. அறிந்து, இடையூறு தாங்கிச் செய்து முடிக்கவல்லவனையன்றி, நமக்கு வேண்டியவன் என்று ஒருவனை ஏவுதல் ஆகாது என்கின்றது. அன்பையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதவரைத் தேறுதல் எல்லாப் பேதைமையும் தரும் என்று 507இல் முன்னரே எச்சரித்தவர்தாம் அவர்.

சோல்ஷார் கதைக்கு முடிவு உண்டு. 2020-21 பருவத்தில் அவரது அணி இங்கிலாந்தில் இரண்டாம் இடம் பெற்றது. அதே பருவத்தில் 2021 மே 26ஆந் தேதி, அவருடைய புகழ்பெற்ற கோலுக்குச் சரியாக 22 ஆண்டு கழிந்து, யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் வியாரியல் அணியிடம் தண்டனை உதைகளில் 11க்கு 10 எனத் தோற்றது. நவம்பர் 21ஆந் தேதி அவர் விலக்கப்பட்டார். இடைப்பட்ட காலத்தில், தொலைக்காட்சியில் அமர்ந்த பழந்தோழர் தம் நண்பரைக் குறைகூறத் தயங்குகின்றனர் என்ற முறைப்பாடு எழுந்தது. இங்கேதான் எமது ஆராய்ச்சியின் கடினமான இடம் இருக்கின்றது. தெளிந்தவனிடத்து ஐயுறுதல் தீராத் துன்பம் என்பது 510. வினைசெய்வான் கோணாதிருக்கின்றானா என்று நாள்தோறும் நாடுக என்பது 520. முன்னது ஐயுறாதே என்கின்றது. பின்னது நாள்தோறும் பார் என்கின்றது. மாணவர் இதனை முரண் என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஐயுறுபவன் எட்டி நின்று பார்ப்பான். நாடுபவன் கிட்ட வந்து பார்ப்பான். பரிந்துரைத்த தோழர்க்குரியது பின்னது. ஐயத்துக்கு அஞ்சி நாடுதலையும் விட்டால் அவர் நட்புச் செய்தவராகார்.

இனிக் கடல் கடந்து அண்டை நாட்டுக்கு வருவோம். இந்தியத் தேசிய அணிக்கு உள்நாட்டவரே பயிற்றுநராக வேண்டும் என்பது அந்நாட்டுப் பழைய ஆட்டக்காரர் பலரின் நெடுநாட் குரல். 2011-12இல் சாவியோ மெதெய்ரா இருந்த பின் அவ்விடம் வெளிநாட்டவரிடமே இருந்தது. 2025 ஜூன் 10ஆந் தேதி ஹொங்கொங் அணியிடம் இந்தியா தோற்றபின் மனோலோ மார்க்கெஸ் விலக, 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் உலகப் புகழ்பெற்ற சாவியின் பெயராலும் பெப் குவார்டியோலாவின் பெயராலும் வந்த மடல்கள் போலி என்று பின்னர் தெளிந்தது வேறு கதை. பெயரைக் கண்டவுடன் மயங்குபவர்க்கு அதுவே ஒரு பாடமாகலாம்.

விண்ணப்பங்களை ஆய்ந்து மூவரைத் தெரிந்தது ஐ. எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு. திருச்சூர் மைதானத்தில் சிறுவயதில் சோடா விற்று, பின்னர் அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவரானவர் விஜயன். குழுவினர் பிறரும் பழைய ஆட்டக்காரரே. ஓகஸ்ற் 1ஆந் தேதி அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் நிர்வாகக் குழு, அம்மூவருள் காலித் ஜமீலைத் தெரிந்தது. அவரும் இந்தியாவுக்கு ஆடியவர். பழந்தோழர் குரலுக்கும் இங்கே இடமிருந்தது. ஆனால் அது மேசையில் எழுத்தாக வந்து, வேறு இரு பெயர்களோடு ஒப்புநோக்கப்பட்டு, மற்றொரு குழுவின் கையால் முடிவாயிற்று. ஜமீலின் தட்டிலும் பயிற்றுநராகச் செய்தவை இருந்தன. தரமிறங்கும் நிலைக்குப் போய் மீண்ட மிசோரம் மாநிலத்துச் சிறு கழகமாகிய ஐஸ்வாலை 2016-17இல் ஒரே ஒரு புள்ளியால் மோகன் பாகானை முந்தி ஐ-லீக் வாகையராக்கியவர் அவர்.

விளைவு என்னாயிற்று? ஓகஸ்ற் 29ஆந் தேதி முதலாட்டத்திலேயே தஜிகிஸ்தானை அதன் மண்ணில் வென்றனர். அத்தொடரில் ஓமானைத் தண்டனை உதைகளில் வென்று மூன்றாமிடம் பெற்றனர். ஆனால் ஒக்ரோபர் 14ஆந் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கிண்ண வாய்ப்பை இழந்தனர். நவம்பரில் டாக்காவில் பங்களாதேசத்திடமும் தோற்றனர். நல்ல முறையில் தெரிந்தெடுத்தால் நல்ல முடிவு கட்டாயம் வரும் என்று எண்ணுவோர்க்கு இதனைச் சொல்லவேண்டும். முறை வெற்றியைத் தருவதன்று. தோற்ற காலத்தில், தெரிந்தவர் தம் முகத்தைத் தாமே கண்ணாடியில் பார்க்கும் நிலையைத் தருவது.

அந்நாட்டில் ஆசிரியத் தொழிலர் ஒருவர் இவ்விருக்கையில் அமர்ந்ததையும் சொல்லாமல் விட மனமில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் பெற்ற அணிகளையும், 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற அணியையும் பயிற்றியவர். ஆட்டக்காரராக அன்றிப் படிப்பிக்கத் தெரிந்தவராகவே அவரை உலகம் அறியும்.

இவ்வளவும் எழுதும் தகுதி எமக்கு உண்டா எனின், குற்றவாளியின் தகுதி உண்டு. பல ஆண்டுகளின் முன் யாமும் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோம். பாடசாலையின் பெயர் வேண்டா. தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் எம் பகுதியில், நம்மவன் என்ற சொல்லுக்கு வீதியில் ஒரு பொருளும் மைதானத்தில் வேறொரு பொருளும் உண்டு. பந்தை எமக்குத் தந்தவன் நம்மவன். அப்படித் தந்தவர் எம் நண்பர், இடப்புறத்து ஓட்டக்காரர், அவரைப்போல ஓடியவரை யாம் பின்னர் கண்டிலோம். இரு சமூகத்தவருமாகப் பதினொருவர் கையொப்பமிட்டு அவரைப் பயிற்றுநராக்குக என்று கேட்டோம். அவரது வேகத்தை எழுதினோம்; ஒழுக்கத்தை எழுதினோம். தாம் எப்படி ஆடினார் என்பதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்ல அவர்க்கு ஒருநாளும் வந்ததில்லை என்பதைப் பதினொருவரும் அறிவோம், அதை எழுதவில்லை.

அதிபர் எம் சொல்லை மதித்தார். முதல்நாள் மாலையிட்டோம். அதன்பின் ஒருவரேனும் மைதானப் பக்கம் போகவில்லை. பந்துகள் நான்கு, அவற்றுள் இரண்டு காற்று நில்லாதவை என்றும், மாலைநேரத் தனியார் வகுப்புகளால் பிள்ளைகள் பாதிப்பேர் வருவதில்லை என்றும் பிறர் சொல்லியே கேள்விப்பட்டோம். முதற்சுற்றில் ஐந்து கோல்களால் தோற்றபோது யாம் வேப்பமரத்தடியில் பார்வையாளரோடு நின்றோம். சிலர் அவரை ஏசினர். எம்முள் எவரும் வாய்திறக்கவில்லை. இரண்டாந் தவணை முடியுமுன் அவர் தாமே விலகிக்கொண்டார். இன்றும் வழியில் எம்மைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "சேர், சுகமா?" என்று விசாரிப்பார். அவர் ஏசியிருந்தால் எமக்கு இலகுவாயிருக்கும்.

இவ்விழா ஆண்டில் மற்றொரு விண்ணப்பம் எம்மிடம் வந்தது. பழைய ஆட்டக்காரர் சிலர், தம்மோடு ஆடிய ஓர் இளைஞரைச் சிறுவர் அணிக்குப் பயிற்றுநராக்கக் கேட்கின்றனர். அவர் பயிற்றுநர்க்குரிய வகுப்புகளுக்குச் சென்றவர். கோபம் சற்று மிகுந்தவர். இரண்டையும் எழுதுங்கள் என்றோம். சிறிது வாதாடிய பின் எழுதினர். வேறு இருவரின் பெயரையும் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தனர். பின்னர் தாளின் மறுபுறத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு கையொப்பத்துக்கும் எதிரே, தெரியப்படுபவர் மூவருள் எவராயினும் அவர்க்குத் தாம் என்ன செய்வர் என்பதை எழுதும்படி கேட்டோம். ஒருவர் வலை தைப்பதாக எழுதினார். ஒருவர் சனிக்கிழமைகளில் கோல்காப்போரைத் தனியே பயிற்றுவதாக எழுதினார். இருவர் எழுதாமலே எழுந்து போயினர். கடைசிக் கையொப்பம் எமது. எதிரே, புதன்கிழமை மாலைகளில் எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு இடுதல் என்று எழுதியிருக்கின்றோம்.