சாப்பாட்டுக்கு பில் கேட்கும் அலுவலகம்

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் லெவல் 5 சம்பளத்தில் இருக்கிறேன். அலுவலக வேலையாகச் சென்னைக்கு டூர் போய் எழும்பூரில் ஒரு லாட்ஜில் இரண்டு இரவு தங்கினேன். வாடகை நாளுக்கு 1,600 ரூபாய். பயணப்படி பில் போட்டபோது, சாப்பிட்டதற்கு ரசீது இல்லை என்று சாப்பாட்டுப் பணத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். வாடகையில் நாளுக்கு 1,000 மட்டும் அனுமதித்தார்கள். “எங்கேயாவது ஒரு பில் வாங்கி வைத்துவிடு, எல்லாரும் செய்வதுதானே” என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். விதி உண்மையில் என்ன சொல்கிறது? அரசு வேலைக்காகப் போய்விட்டுக் கைக்காசு போட்டுவிட்டு வருவது நியாயமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சாப்பாட்டுக்கு ரசீது கேட்டது தவறு. வாடகையைக் குறைத்ததில் ஒரு பகுதி உங்கள் அலுவலகத்தின் தவறு, மீதி விதியின் தவறு. முதலில் சாப்பாடு. நிதியமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13 அன்று வெளியிட்ட ஆணைதான் மத்திய அரசு ஊழியர்களின் பயணப்படிக்கு அடிப்படை. அதற்கு முன்பு, ஆறாவது ஊதியக் குழு கால ஏற்பாட்டில், சாப்பிட்ட பில்லைக் காட்டி உச்சவரம்புக்குள் பணம் வாங்க வேண்டியிருந்தது. 2017 ஆணை அந்த முறையையே கைவிட்டது. இப்போது ஒவ்வொரு லெவலுக்கும் நாளொன்றுக்கு ஒரு மொத்தத் தொகை உண்டு. தலைமையிடத்தை விட்டு வெளியே இருந்தது 6 மணி நேரத்துக்குள் என்றால் அதில் 30 விழுக்காடு, 6 முதல் 12 மணி நேரம் வரை 70 விழுக்காடு, அதற்கு மேல் முழுத் தொகை. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாளாகக் கணக்கு. ரசீது தேவையில்லை என்று ஆணையே சொல்கிறது. உங்கள் லெவலுக்கு அந்தத் தொகை 500 ரூபாய். அகவிலைப்படி 50 விழுக்காடு ஏறும்போது இது 25 விழுக்காடு ஏறும் என்பது ஏற்பாடு. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50ஐத் தொட்டுவிட்டதால் இப்போது 625. திங்கள் இரவு 8 மணிக்குத் திருநெல்வேலியில் ரயிலேறி, வெள்ளி காலை 7 மணிக்குத் திரும்பி வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் 4 மணி நேரம், 30 விழுக்காடு; செவ்வாய், புதன், வியாழன் முழுத் தொகை; வெள்ளி 7 மணி நேரம், 70 விழுக்காடு. ஆக மொத்தம் 2,500 ரூபாய். நீங்கள் இட்லி சாப்பிட்டீர்களா, பிரியாணி சாப்பிட்டீர்களா, வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோனீர்களா என்று கேட்க அலுவலகத்துக்கு வேலையில்லை.

அடுத்தது அறை. லெவல் 5 வரை உள்ளவர்களுக்கு 2017இல் வைத்த உச்சவரம்பு நாளுக்கு 450 ரூபாய். 25 விழுக்காடு சேர்த்து இப்போது 563. லெவல் 8 வரை உள்ளவர்களுக்கு இந்தத் தொகையை ரசீது இல்லாமலே, தங்கிய இடத்தின் பெயர், தங்கிய நாள்கள் இவற்றை எழுதிக் கொடுக்கும் சுயசான்றின் பேரிலேயே தரலாம். இதோடு கூட, ‘எக்ஸ்’ வகை நகரங்கள் என்று பிரித்திருக்கும் எட்டில் தங்கினால் உச்சவரம்பு 1,000. ஆனால் அதற்கு ரசீது கட்டாயம். சென்னை அந்த எட்டில் ஒன்று. அதே 25 விழுக்காடு இதற்கும் பொருந்தும் என்பதால் இன்றைய வரம்பு 1,250. உங்கள் அலுவலகம் 2017இன் எண்ணிலேயே நின்றுவிட்டது. இரண்டு இரவுக்கும் சேர்த்து 500 ரூபாய் உங்களுக்கு வர வேண்டியது. 1,250க்கு மேல் போன 350 ரூபாய், இரண்டு இரவுக்கு 700, வராது. அதைத்தான் விதியின் தவறு என்றேன்.

ஏன் தவறு என்று சொல்ல, இந்தப் படி எதற்காகத் தரப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1922 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் அடிப்படை விதிகள் பயணப்படியை ஈட்டுப்படிகளில் ஒன்றாக வைக்கின்றன. வேலையின் சிறப்புச் சூழல் காரணமாக ஊழியருக்கு நேரும் சொந்தச் செலவை ஈடுகட்டத் தருவது அது என்கிறது 9ஆம் விதி. அது மொத்தத்தில் லாபம் தரும் வழியாகிவிடக் கூடாது என்கிறது 44ஆம் விதி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் முழுமையாகும்: ஊழியர் இதில் சம்பாதிக்கவும் கூடாது, இழக்கவும் கூடாது. நம் அலுவலகங்களில் கணக்குப் பிரிவு 44ஐ மனப்பாடமாகச் சொல்லும். 9ஐ யாரும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. ஐந்து ரூபாய் கூடுதலாகப் போனால் தணிக்கை ஆட்சேபணை வரும். ஐந்நூறு குறைவாகக் கொடுத்தால் எந்தத் தணிக்கையும் கேட்காது. தவறு எந்தப் பக்கம் சாயும் என்பதை இந்த ஏற்பாடே தீர்மானித்துவிடுகிறது. விதி வேண்டாம் என்று சொன்ன ரசீதை உங்களிடம் கேட்டவர் கொடுமைக்காரராக இருக்க வேண்டியதில்லை. தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்பவராக இருக்கலாம்.

ரசீது கேட்காவிட்டால் ஆளாளுக்குப் பொய்க்கணக்கு எழுதுவார்களே என்பது முதல் ஆட்சேபணை. அதைத் தள்ளிவிட முடியாது. பொய்ப் பயணக் கணக்கு அரசு அலுவலகங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ரசீது அதைத் தடுக்கிறதா? உங்கள் சகாக்களின் யோசனையே அதற்குப் பதில். ரசீது கேட்கும் இடத்தில் ரசீது உண்டாகும், செலவு உண்மையோ பொய்யோ. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எனவே சிறிய மெஸ்ஸும் பழைய லாட்ஜும் தரும் கையெழுத்து ரசீதைச் சரிபார்க்க வழியே கிடையாது. சரிபார்க்க முடியாத தாளைக் கட்டாயமாக்கினால், உள்ளபடி செலவு செய்து ரசீது வாங்க மறந்தவர் தண்டிக்கப்படுகிறார், செலவே செய்யாமல் தாள் தேடிப் பிடித்தவர் தப்பிக்கிறார். மொத்தத் தொகையிலோ ஏமாற்ற இடமே இல்லை: குறைவாகச் சாப்பிட்டு மிச்சம் பிடித்தால் அது அவர் வயிறு, அவர் சாமர்த்தியம். பொய் நுழையக்கூடிய இடம் ஒன்றுதான், போகாத பயணத்தைப் போனதாக எழுதுவது. அதைப் பிடிக்க ரயில் டிக்கெட் இருக்கிறது, போன அலுவலகத்தின் வருகைப் பதிவு இருக்கிறது, யுபிஐ வழியாகக் கட்டிய பணத்தின் தடம் இருக்கிறது.

கட்டுப்பாட்டு அலுவலரின் வேலையும் அந்தப் பக்கம்தான். துணை விதிகளின் 195ஆம் விதி அவரைப் பார்க்கச் சொல்வது, பயணம் தேவைதானா, அடிக்கடி போகிறார்களா, தேவைக்கு மேல் தங்கினார்களா என்பதை. அதைப் பார்க்க வேலையைப் பற்றிய அறிவு வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். தோசை பில்லைப் பார்க்க இரண்டும் வேண்டாம். அதனால்தான் கண்காணிப்பு முழுக்கத் தாளுக்கு இடம் மாறிவிட்டதோ என்று தோன்றுகிறது. பெரிய பணம் புழங்கும் இடத்தில் அரசு வேறு வழியைக் கண்டிருக்கிறது. விமான டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றின் வழியாக மட்டுமே வாங்கலாம். 2022 ஜூன் ஆணைப்படி இயன்றவரை 21 நாள் முன்பாகவே பதிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட நேர இடைவெளிக்குள் கிடைக்கும் மிகக் குறைந்த கட்டணத்தையே எடுக்க வேண்டும். வாங்கும் வழியைச் சீராக்கினால் வாங்கியவரைச் சந்தேகிக்கும் தேவை குறைகிறது என்பது அரசுக்கே தெரிந்திருக்கிறது.

இனி அந்த 350 ரூபாய். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2008இல் வந்த ஆணையில் கடைநிலைப் பிரிவுக்கு அறை வரம்பு 300 ரூபாய், மேல்நிலைக்கு 5,000. அகவிலைப்படி 50, 100 என்று ஏறியபோது இரண்டு முறை 25 விழுக்காடு சேர்ந்து, 2014இல் அது 450, 7,500 ஆனது. 2017இல் புதிய ஊதியக் குழுவின் புதிய ஆணை வந்தது. அதிலும் 450, 7,500! அறை வாடகையைப் பொறுத்தவரை ஏழாவது ஊதியக் குழுவால் யாருக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை. பெருநகரத்துக்கான அந்த 1,000தான் கீழே இருப்பவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அடுத்த ஏற்றத்துக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்றத்தின் கணக்கையும் கவனியுங்கள். அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டைப் பின்தொடர்வது. அது 50 ஏறினால் வரம்பு 25தான் ஏறும். விலை இரட்டிப்பாகும்போது வரம்பு ஒன்றரை மடங்கு. பாதி விலையேற்றத்தை ஊழியர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கிறோம். இதற்கிடையில், நாள் வாடகை 1,000 வரையிலான அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18இல் நீக்கப்பட்டு 12 விழுக்காடு வரி விழுந்தது. உங்களைப் போன்றவர்கள் தேடும் அறைகள் அந்த விலையில் இருப்பவைதான். 2025 செப்டம்பரில்தான் அந்த வரி 5 விழுக்காடாக இறங்கியது. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு உங்களுக்கு நாளுக்கு 141 ரூபாய். தமிழக அரசு 2013இல் வைத்த ஆட்டோ மீட்டர் கட்டணத்தில் பார்த்தாலே 12 கிலோமீட்டர் போக 147 ஆகும், அதுவும் ஒருவழிக்கு. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போனால் கட்டுப்படியாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடந்து போனால் தனிப் படியும் உண்டு, கிலோமீட்டருக்கு 12 ரூபாயாக இருந்து இப்போது 15. ஆட்டோவின் கிலோமீட்டர் கட்டணமான 12ஐ விட அதிகம். சென்னை வெயிலில் நடக்கத் துணிந்தவருக்கு அரசு தரும் மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதவிக்கு ஏற்ற வசதி என்பது எல்லா நிர்வாகத்திலும் உள்ளதுதானே, இதில் என்ன அநீதி என்று கேட்கலாம். பதவிக்கான வேறுபாட்டைச் சம்பளம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. லெவல் 14இன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,44,200 ரூபாய், லெவல் 1இன் தொடக்கம் 18,000. எட்டு மடங்கு. அறை வரம்போ 9,375க்கு 563, ஏறத்தாழ பதினேழு மடங்கு. பெருநகரத்தில் மட்டும் இது ஏழரை மடங்காகக் குறைகிறது. மதுரையிலோ கோவையிலோ திருச்சியிலோ அந்தப் பதினேழுதான். செலவை ஈடுகட்டத் தரும் படியில், சம்பளத்தில் உள்ளதைவிட இரு மடங்கு ஏற்றத்தாழ்வு இருப்பதற்கு நான் ஒரு காரணத்தையும் கண்டதில்லை. மேலதிகாரி தங்குமிடத்தில் நான்கு பேரைச் சந்திக்க வேண்டும், கோப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்ளலாம், அவருக்கு 9,375 கொடுக்கட்டும். அது 563 ரூபாயில் கோவையில் பூட்டும் தண்ணீரும் ஒழுங்காக உள்ள அறை கிடைக்கும் என்பதற்குச் சான்றாகாது. டூர் போகும் பெண் ஊழியரை நினைத்துப் பார்த்தால் இது வசதிப் பிரச்சினையாகக்கூட நிற்பதில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அரசே இதை உணர்ந்திருக்கிறது. 2008இல் மேல்நிலைக்கு 500, கடைநிலைக்கு 100 என்று ஐந்து மடங்காக இருந்த வேறுபாடு, 2017இல் 1,200க்கு 500 என்று ஆகி இரண்டரை மடங்குக்குக் கீழே இறங்கியது. பசி எல்லா லெவலுக்கும் ஒன்று என்று ஏற்றுக்கொண்ட ஆணை, தூக்கத்துக்கு மட்டும் பழைய ஏணியை அப்படியே விட்டுவைத்தது.

கஜானா தாங்குமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. வரம்பு என்பது உச்சம்தான், எல்லாரும் அதை எட்டப்போவதில்லை. பயணத்துக்கு அனுமதி தருவதும் தராததும் அரசின் கையில் இருக்கிறது. செலவைக் குறைக்க நினைத்தால் தேவையற்ற டூர்களைக் குறைக்கலாம். காணொலியில் முடிகிற கூட்டத்துக்கு ஆளை வரவழைக்காமல் இருக்கலாம். அனுப்பிவிட்டு, அனுப்பியதன் செலவில் ஒரு பங்கை அனுப்பப்பட்டவர் தலையில் வைப்பது சிக்கனத்தில் சேராது. எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டிருக்கிறது. ஊழியர் சங்கங்களின் கோரிக்கைகளில் சம்பளப் பெருக்கல் எண்ணும் ஓய்வூதியமும்தான் வழக்கமாக முன்வரிசையில் நிற்கும். அறை வரம்பை நகரத்துக்கு ஏற்ப வைத்து, லெவல் வேறுபாட்டைச் சாப்பாட்டுக்குச் செய்ததுபோல் சுருக்கி, ஏற்றத்தை அகவிலைப்படியோடு முழுமையாக இணைக்க வேண்டும் என்ற ஒரு பத்தியும் அதில் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பில் வாங்கி வைக்கும் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 3ஆம் விதி நேர்மையைக் கட்டாயமாக்குகிறது. பொய் ரசீது வெளியே வந்தால் தொகை எவ்வளவு சிறியது என்று யாரும் பார்க்க மாட்டார்கள், வேலைக்கே உலை. உங்களுக்கோ அந்த ரசீது தேவையே இல்லை. கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அதில் 2017 ஜூலை 13 ஆணையைக் குறிப்பிட்டு, சாப்பாட்டுத் தொகைக்கு ரசீது வேண்டாம் என்ற பகுதியையும், 25 விழுக்காட்டு ஏற்றப் பகுதியையும் நகலெடுத்து இணையுங்கள். தினம் வாரியாக வெளியே இருந்த நேரத்தை அட்டவணையாகப் போடுங்கள். லாட்ஜ் ரசீதின் அசல் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் 1,250 கிடைக்காது, சுயசான்றின் பேரில் 563தான். தட்கலில் ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் அந்தக் கூடுதல் கட்டணமும் அனுமதிக்கப்பட்டதே, விட்டுவிடாதீர்கள். நிராகரிப்பதாக இருந்தால் எந்த விதியின் கீழ் என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொல்பவர்களில் பலர் அதை எழுத்தில் தரத் தயங்குவார்கள். இனிமேல் டூர் போகும்போது நினைவில் வைக்க ஒன்று: பயணம் முடிந்த 60 நாளுக்குள் பில் போடாவிட்டால் உரிமையே போய்விடும். முன்பு ஓராண்டாக இருந்ததை 2018 மார்ச்சில் குறைத்துவிட்டார்கள். மாநில அரசு ஊழியர்களாக உள்ள வாசகர்கள் இந்த எண்களைத் தங்கள் பில்லில் எழுத வேண்டாம். அவர்களுக்குத் தமிழ்நாடு பயணப்படி விதிகள் தனியாக இருக்கின்றன, தொகைகளும் வேறு.